வில்ட்ஷயர் காவல் துறையும் உள்ளிருந்து பூட்டப்பட்ட ஒரு வீடும்

இங்கிலாந்தின் முதல் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) காவல் படை என்ற பெருமையைத் தென்மேற்கு இங்கிலாந்தின் வில்ட்ஷயர் கொண்டாடுகிறது. 1839 ஆகஸ்டில் கவுண்டி போலீஸ் சட்டம் நிறைவேறியது. நவம்பரிலேயே வில்ட்ஷயர் தன் படையை அமைத்து, கடற்படை அதிகாரியான கேப்டன் சாமுவேல் மெரிடித்தைத் தலைமைக் கான்ஸ்டபிளாக நியமித்துவிட்டது. படை அமைப்பதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. வரிச்சுமைக்கு அஞ்சிப் பல கவுண்டிகள் தயங்கி நிற்க, இவர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அவசரம்?

என் கணிப்பில், 1830-இன் நினைவுதான் காரணம். அந்த ஆண்டு நவம்பரில், கூலி போதாமலும் கதிரடிக்கும் இயந்திரங்களால் குளிர்கால வேலையை இழந்தும் தவித்த விவசாயத் தொழிலாளர்கள், ஊர் ஊராகச் சென்று இயந்திரங்களை உடைத்தனர். டிஸ்பரிக்கு அருகே பைத்தவுஸில் குதிரைப்படையினர் அவர்களோடு மோதியதில் ஜான் ஹார்டிங் என்ற தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். பலர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். ஊரார் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்து, சம்பளமின்றி வேலை வாங்கிய பழைய கான்ஸ்டபிள் முறையால் இத்தகைய கிளர்ச்சியை அடக்க முடியாது என்பதை நிலக்கிழார்கள் அன்றே உணர்ந்திருப்பார்கள். ஆக, இந்தப் படை பெரிய வீடுகளைக் காக்கப் பிறந்தது. அவற்றைச் சோதனையிட அல்ல.

அந்த வேறுபாடு 1860-இல் அம்பலமானது. ஜூன் மாத இறுதியில், பக்கத்துக் கவுண்டியான சாமர்செட்டின் எல்லையை ஒட்டிய ரோடு என்ற ஊரில், தொழிற்சாலை ஆய்வாளரான சாமுவேல் கென்ட்டின் மூன்று வயது மகன் சேவில், இரவில் தொட்டிலிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டு, கழுத்தறுபட்ட நிலையில் தோட்டத்துக் கழிப்பிடத்தில் கிடந்தான். சமையலறை அடுப்பின் அடியில் இரத்தக்கறை படிந்த பெண் உள்ளாடை ஒன்றைப் போலீசார் கண்டெடுத்தனர். அதைத் தேடி வருபவரைப் பிடிக்கலாம் என்றெண்ணி, இருந்த இடத்திலேயே வைத்தனர். அன்றிரவு காவலுக்கு வந்த கான்ஸ்டபிள்களைச் சமையலறையில் இருத்தி, கதவைத் தாழிட்டவர் வீட்டுக்காரரான கென்ட்டேதான்! உள்ளாடை காணாமல் போனது. டிரௌபிரிட்ஜ் சூப்பரின்டெண்டென்ட் ஃபோலி இதை வெளியே சொல்லவில்லை. பல மாதங்கள் கழிந்தே உண்மை கசிந்தது. ஒரு கூலித் தொழிலாளியின் குடிசையாக இருந்திருந்தால், கதவைத் தாழிடும் துணிச்சல் அங்கு யாருக்கு வந்திருக்கும்?

மாஜிஸ்திரேட்டுகள் கேட்டுக்கொண்டதன்பேரில் லண்டன் காவல் துறைத் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் ஜொனாதன் விச்சர், சலவைக்குப் போட்ட துணிகளின் கணக்கில் இரவு உடை ஒன்று குறைவதைப் பிடித்துக்கொண்டு, கென்ட்டின் மூத்த தாரத்து மகளான பதினாறு வயது கான்ஸ்டன்ஸைக் கைது செய்தார். தோட்டக்காரர் மகனான ஒரு துப்பறிவாளர் கனவான் வீட்டுப் பெண்ணைச் சந்தேகிப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. உடையும் கிடைக்காததால் அவள் விடுவிக்கப்பட்டாள். விச்சரின் பெயர்தான் கெட்டது. 1864-இல் அவர் பணியிலிருந்து விலகினார். மறு ஆண்டே கான்ஸ்டன்ஸ் தானாக முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 1885-இல் விடுதலையானாள்.