இடது பெடல்

போன செவ்வாய்க்கிழமை விடியப்புறம் ஐந்தரை மணி. நெதர்லாந்தின் உத்ரெக்டில் மழை. இரவு வேலை முடிந்து வரும் வழியில் என் சைக்கிளின் இடது கிராங்க், பெடலைத் தாங்கும் தண்டு, பெடலோடு கழன்று றோட்டில் விழுந்தது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு நனைந்து நின்றபோது எங்கட மட்டக்களப்பின் கல்லடிப் பாலம்தான் கண்ணுக்குள் வந்தது.

இரண்டு கிழமையாகவே அது 'டக், டக்' என்று தட்டிக்கொண்டிருந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு. இறுக்காமல் விட்டதற்குக் காரணம், அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. அப்பாட சைக்கிளும் அப்படித்தான். டவுனில் வேலை முடிந்து, 1924இல் கட்டிய அந்தப் பழைய இரும்புப் பாலத்தைக் கடந்து, ஒழுங்கைக்குள் அவர் திரும்பும்போதே கேட்கும். "தேத்தண்ணி வை புள்ள, அப்பா வந்திட்டார்" என்பா அம்மா.

அங்கே அந்தத் தட்டலால் பெரிய நட்டமில்லை. கிராங்கை அச்சோடு பிடித்து வைத்திருப்பது விரல் நீளம்கூட இல்லாத ஒரு கொட்டர் பின். தேய்வது அதுதான். சம்பளம் வந்ததும் சைக்கிள் கடை மாமா புதுப் பின் ஒன்றை எடுத்து, அதன் சரிவான பக்கத்தை அரத்தால் நாலு இழுவை இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மறுகா கிராங்குக்குக் கீழே ஒரு சுத்தியலை முட்டுக்கொடுத்து, மேலே இன்னொன்றால் அடிப்பார். நட்டை இறுக்கிவிட்டு, "ரெண்டு நாள் ஓடிப்போட்டு வரச்சொல்லு புள்ள, திருப்பி இறுக்கணும்" என்பார்.

இங்கே பின் இல்லை. சதுர முனையுள்ள உருக்கு அச்சில் அலுமினியக் கிராங்க் நேரே ஏறி நிற்கிறது. ஒரு போல்ட் அதை அழுத்திப் பிடிக்கிறது. அது இளகின பிறகும் மிதித்தால் உருக்கு அலுமினியத்தைத் தின்றுவிடும். இங்கத்தைச் சைக்கிள் கடைக்காரர் கிராங்கின் ஓட்டையைக் காட்டினார். நாலு மூலையும் மழுங்கிப் போயிருந்தது. இனி எவ்வளவு இறுக்கினாலும் நிற்காதாம். அந்தச் சத்தத்துக்கு ஆசைப்பட்டு நல்ல கிராங்கை நானே அழித்திருக்கிறேன். நெஞ்சு கனத்துப் போனது.

ஏழு வருடமாக இங்கே சைக்கிள் ஓடுகிறேன். எதிர்காற்றும் சிவப்புச் சைக்கிள் பாதையும் பழகிவிட்டன. இதுவும் எங்கட ஊர் மாதிரித்தான் என்று போன மாதம் தங்கச்சிக்குச் சொன்னேன். அதே மூச்சில், பூரணைக்கு வாவியில் மீன் பாடுதா என்று கேட்டேன். தோணியில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறு நுனியை என் காதில் வைத்துக் கேட்கச் செய்தவர் அப்பா.

கொட்டர் பின்னைக் கடைக்காரருக்குக் கையால் வரைந்து காட்டினேன். அவர் லாச்சியை இழுத்து ஒரு தகரப் பேணியை எடுத்தார். உள்ளே எண்ணெய் பூசிய கொட்டர் பின்கள்! இங்கே கிராங்க்ஸ்பீ என்பார்களாம். தன் தகப்பன் காலத்துச் சைக்கிள்களுக்கு உரியவை என்றார். ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அதே பாரம், அதே சரிவு.

புதுக் கிராங்கை ஏற்றி, எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் டோர்க் சாவியால் 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினார். வீடு வரும்வரை காதைக் கொடுத்துக்கொண்டே மிதித்தேன். ஒரு சத்தமும் இல்லை.

புறப்படும்போது அவர் ஒன்று சொன்னார். ஒரு கிழமை ஓடிவிட்டு வரவேணுமாம், திருப்பி இறுக்கிப் பார்க்க. சனிக்கிழமை போகிறேன்.