ஒரு கிளாஸ் மாறினால் எத்தனை எலிமென்ட் அசைகிறது?

வலைப்பக்கத்தில் ஏதாவது மாறும்போது, எந்த எலிமென்ட்டுக்கு எந்த சிஎஸ்எஸ் விதி பொருந்தும் என்று பிரவுசர் திரும்பக் கணக்கிடுவதுதான் ஸ்டைல் மறுகணக்கீடு. அது மெதுவாக இருந்தால் பலரும் முதலில் செலக்டரின், அதாவது விதி எவற்றுக்குப் பொருந்தும் என்று சொல்லும் பகுதியின், நீளத்தைத்தான் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி அதுவல்ல. செலக்டரை பிரவுசர் என்ஜின் வலமிருந்து இடமாகப் படிக்கிறது. கடைசிப் பகுதியின் ஐடி, கிளாஸ், டேக் ஆகியவற்றை வைத்து விதிகளை முன்பே தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பதால், பொருந்தவே வாய்ப்பில்லாத விதிகள் கண்ணிலேயே படுவதில்லை. முன்னோர் எலிமென்ட்டுகளைத் தேடி மேலே ஏறும் வேலையையும் ப்ளூம் ஃபில்டர் என்ற விரைவுச் சோதனை பெருமளவு தவிர்க்கிறது. அது "இல்லை" என்றால் நிச்சயமாக இல்லை. "இருக்கலாம்" என்றால் மட்டும் ஏறிப் பார்த்தால் போதும்.

உண்மையான செலவு, எத்தனை எலிமென்ட்டுகளைத் திரும்பக் கணக்கிட வேண்டியிருக்கிறது என்பதில்தான். குரோமின் பிளிங்க் என்ஜின் இதற்காக இன்வேலிடேஷன் செட்களை வைத்திருக்கிறது. பாடியில் 'டார்க்' கிளாஸ் வந்தால் உள்ளே 'டைட்டில்' கிளாஸ் உள்ளவை மட்டும் மாறும் என்று விதிகளிலிருந்தே குறித்துக்கொள்கிறது. அதே விதியின் வலது முனையில் நட்சத்திரக் குறியைப் போட்டால் இந்தக் குறிப்பு பயனற்றுப் போய், கீழுள்ள கிளை முழுவதும் கணக்குக்கு வரும். அங்கே ஒரு கிளாஸ் பெயரை எழுதிவிடுங்கள்.

கஸ்டம் ப்ராப்பர்ட்டி (நாமே பெயர் வைக்கும் சிஎஸ்எஸ் மாறி) இன்னும் ஏமாற்றும். மவுஸ் நகரும்போதெல்லாம் பக்கத்தின் உச்சியிலுள்ள ரூட் எலிமென்ட்டில் அதன் மதிப்பை மாற்றினால், அது மரபுரிமையாக எல்லா எலிமென்ட்டுகளுக்கும் இறங்கும். தேவையான எலிமென்ட்டிலேயே வையுங்கள். சந்ததிகளுக்குத் தேவையில்லை என்றால், அட்-ப்ராப்பர்ட்டி விதியில் இன்ஹெரிட்ஸை ஃபால்ஸ் ஆக்கிவிடலாம்.

ஃபயர்பாக்ஸ் வேறொரு வழியில் போனது. 2017 நவம்பரில் வந்த 57ஆம் பதிப்பில், ரஸ்ட் மொழியில் எழுதிய ஸ்டைலோ என்ற ஸ்டைல் என்ஜின், ஸ்டைல் கணக்கைப் பல பிராசசர் கோர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. அழகான வேலை! ஆனால் பெற்றோரின் மதிப்பு தெரியாமல் பிள்ளையைக் கணக்கிட முடியாது. ஒற்றைச் சங்கிலியாக ஆழமாகப் போகும் டிவ்களுக்கு எத்தனை கோர் இருந்தும் பயனில்லை. ஒரே மாதிரியான உடன்பிறப்புகள் ஸ்டைலைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. வரிசைக்கொரு இன்லைன் ஸ்டைல் வைத்தால் அந்தப் பகிர்வு முறிந்துவிடும்.

லூப்புக்குள் ஸ்டைலை எழுதி, உடனே எலிமென்ட்டின் உயரத்தைத் தரும் ஆஃப்செட்ஹைட்டைப் படிப்பது மிக மோசம்; சரியான உயரத்தைச் சொல்ல பிரவுசர் அப்போதே கணக்கிட்டாக வேண்டும். 200 வரிசை என்றால் 200 முறை கட்டாயக் கணக்கு. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பதோ 16.7 மில்லிவினாடி. முதலில் எல்லாவற்றையும் படியுங்கள், பிறகு எழுதுங்கள்.

குரோம் டெவ்டூல்ஸின் பெர்ஃபாமன்ஸ் பேனலில் மறுகணக்கீட்டு நிகழ்வைச் சொடுக்கினால் பாதிக்கப்பட்ட எலிமென்ட்டுகளின் எண்ணிக்கை தெரியும். ஒவ்வொரு செலக்டருக்கும் ஆன நேரத்தைக் காட்டும் செலக்டர் புள்ளிவிவரத்தை அதற்குப் பிறகு இயக்குங்கள். அது பதிவையே மெதுவாக்கும் என்பதால், நேரத்தை ஒப்பிடும்போது அணைத்துவிட வேண்டும்.