நான்காம் மாடிக்கு ஏறிய லக்ஸ்மேன்

ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் போதும், "எத்தனை வாட்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மியான்மரின் யாங்கூனில் குடியிருப்பவன் அதை முதலில் கேட்கக் கூடாது என்பது என் கட்சி. மின்சாரம் எப்போது வருகிறது, வந்தால் எத்தனை வோல்ட்டில் வருகிறது, பெட்டி படுத்துவிட்டால் யார் திறந்து பார்ப்பார்? இதற்கெல்லாம் பதில் கிடைத்த பிறகு வாட்டுக்கு வரலாம்.

வாட் கணக்கு சின்னது, அதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். என்னிடம் இருப்பவை ஹார்பெத் காம்பாக்ட் 7 ஸ்பீக்கர்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 86 டெசிபல் ஒலி; மின்தடை 6 ஓம். நகரின் நடுப்பகுதியில் பழைய கட்டடங்களின் வீடுகள் எப்படி இருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும்: அகலம் பன்னிரண்டரை அடி, நீளம் ஐம்பது அடி. நாற்காலி ஸ்பீக்கரிலிருந்து மூன்று மீட்டருக்குள்தான் இருக்கும். சாதாரணமாகக் கேட்கும்போது அரை வாட் செலவானாலே அதிகம். ஆனால் மிருதங்கத்தில் ஓர் அடி விழும்போது ஒலி அந்தக் கணத்துக்கு மட்டும் 20 டெசிபல் எகிறலாம். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு சக்தி. அரை வாட், ஐம்பது வாட் ஆகிவிடும். அவ்வளவுதான் கணக்கு. அதற்கு மேல் நான் பார்த்தது, 8 ஓமில் தரும் சக்தி 4 ஓமில் எவ்வளவு கூடுகிறது என்பதை. இரண்டு மடங்கை நெருங்கினால் உள்ளே இருக்கும் மின்வழங்கிக்குத் தெம்பு இருக்கிறது என்று பொருள்.

இந்த இரண்டிலும் தேறி, கடைசி வரை என் பட்டியலில் நின்றவை மூன்று. அக்யூஃபேஸ் இ-800: கிளாஸ் ஏ என்ற சுற்றமைப்பு, 8 ஓமில் 50 வாட், எடை 36 கிலோ. நார்வேக்காரர்களின் ஹெகல் எச்390: 250 வாட், டிஜிட்டல் வசதி உள்ளேயே இருக்கிறது. லக்ஸ்மேன் எல்-509எக்ஸ்: 8 ஓமில் 120 வாட், 4 ஓமில் 220.

மனத்தளவில் நான் கிளாஸ் ஏ கட்சி. தம்பூராவின் ரீங்காரம் அதில் விரிவதைக் கேட்டவர்கள் எளிதில் விடமாட்டார்கள். ஆனால் கிளாஸ் ஏ, பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதன் திறன் ஏட்டுக் கணக்கிலேயே ஐம்பது சதவீதத்தைத் தாண்டாது, மீதியெல்லாம் வெப்பம். தண்ணீர்த் திருவிழா வரும் ஏப்ரலில் வெளியே 37 டிகிரி. மின்விசிறியே பேட்டரியில் ஓடும் வீட்டில் இது எதற்கு? என் மனைவி ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னாள்: "அடுப்பு நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது."

வெப்பத்தால், மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டருக்கும் ஆயுள் குறையும். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது மின்னணுத் தொழிலில் பழைய வாய்பாடு. ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாயிடம் மூன்று பெட்டிகளின் உட்புறப் படங்களையும் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பெரிய கெப்பாசிட்டர்களின் மேல், தாங்கும் வெப்பம் 85 டிகிரி என்று போட்டிருக்கிறதா, 105 என்று போட்டிருக்கிறதா என்றுதான் முதலில் தேடினார். பிறகு சொன்னார்: "டிரான்சிஸ்டர் போனால் கொண்டு வாருங்கள் தம்பி, கெப்பாசிட்டர் போனாலும் கொண்டு வாருங்கள். கம்ப்யூட்டர் போர்டு போனால் மட்டும் என்னிடம் வராதீர்கள்." ஒலிப் பத்திரிகைகளில் இப்படி ஒரு விமர்சனத்தை நான் படித்ததில்லை.

இன்னொரு சங்கதியும் அவர் சொல்லித்தான் உறைத்தது. பெரிய வளைய டிரான்ஸ்ஃபார்மர் சுவிட்சைப் போட்ட கணத்தில் பல மடங்கு மின்சாரத்தை ஒரே மூச்சில் இழுக்கும். சின்ன இன்வெர்ட்டராக இருந்தால் அங்கேயே விழுந்துவிடும். மலிவு இன்வெர்ட்டர் தரும் மின்சார அலை ஒழுங்காக இருக்காது, அதனால் டிரான்ஸ்ஃபார்மர் முனகவும் செய்யும். எனவே நல்ல சைன் அலை இன்வெர்ட்டர் ஒன்றையும், வோல்ட்டைச் சீராக வைக்க மோட்டாரில் இயங்கும் ஸ்டெபிலைசர் ஒன்றையும் சேர்த்துத்தான் விலையைக் கணக்கிட வேண்டியிருந்தது. ரிலே வகை ஸ்டெபிலைசர் வேண்டவே வேண்டாம். மாலையில் வோல்ட் இறங்கும் நேரம் பார்த்து அது "டக் டக்" என்று தனியாகத் தாளம் போடும்.

கேட்டுப் பார்க்கச் சிங்கப்பூருக்குப் போனேன். கோல்மன் தெருவில் அடெல்ஃபி என்ற கட்டடம் இருக்கிறது. ஒலிப்பெட்டிப் பைத்தியங்களுக்கு அதுதான் க்ஷேத்திரம். கையோடு மிருதங்க வித்துவான் பாலக்காடு மணி ஐயர் வாசித்த பழைய கச்சேரிப் பதிவு ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். மைக்கே வேண்டாம் என்று நின்றவரின் கையை நான் ஆம்ப்ளிஃபயர் சோதிக்கப் பயன்படுத்துகிறேன், என்ன செய்வது! மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியில் மணிக்கட்டை அழுத்தி நகர்த்தும்போது கும்காரம் ஒன்று வளைந்து மேலேறும். அது எங்கே தொடங்குகிறது, எங்கே அடங்குகிறது என்று கவனித்தால் ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரை எவ்வளவு பிடித்து வைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஹெகலில் அது கத்தரித்தாற்போல் நின்றது. லக்ஸ்மேனில் அடங்குவதற்குள் தோலின் ஈரம் வரை கேட்டதுபோல் இருந்தது.

ஆனால் இதை முழுதாக நம்பாதீர்கள். ஒரு டெசிபல் கூடுதலாக வைத்தாலே காது அதைத்தான் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லும். மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றச் சொன்னேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல் செய்தார். அப்போது வித்தியாசம் பாதிக்கு மேல் கரைந்துபோனது. இந்த விலையில் எதுவும் மோசமாகப் பாடாது. அதனால் மீதித் தீர்ப்பை வசதிகள்தான் எழுதின.

அப்பா சேர்த்த எச்.எம்.வி. இசைத்தட்டுகள் என்னிடம் இருக்கின்றன. லக்ஸ்மேனில் இசைத்தட்டுக்கான ஃபோனோ பகுதி உள்ளேயே இருக்கிறது, தட்டைத் தொடும் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் இரண்டு வகையில் எதுவானாலும் பொருந்தும். அக்யூஃபேஸில் அதற்குத் தனிப் பலகை வாங்கிச் செருக வேண்டும். ஹெகலில் வெளியே இன்னொரு பெட்டி. பிறகு லக்ஸ்மேனின் பாஸ், டிரெபிள் குமிழ்கள்; கனத்த ஒலியையும் கீச்சொலியையும் கூட்டிக் குறைப்பவை. உயர்ரக ஒலி பேசுபவர்களுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது, ஒலியின் தூய்மை கெட்டுவிடுமாம். டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரம் பழைய பதிவில் காதைத் துளைக்கும்போது டிரெபிளை இரண்டு புள்ளி இறக்கிப் பாருங்கள், தூய்மையைப் பற்றிப் பிறகு பேசுவோம். வேண்டாத நேரத்தில் ஒலி அந்தக் குமிழ்களைத் தொடாமல் போக ஒரு பொத்தானும் இருக்கிறது.

லக்ஸ்மேனையே வாங்கினேன். ஏறத்தாழ 29 கிலோ. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. பால்கனிக் கயிற்றில் காய்கறியும் பத்திரிகையும் ஏறும், இது ஏறாது. மைத்துனரும் நானும் படிக்குப் படி இறக்கி வைத்து ஏற்றினோம். நான்காம் மாடியை எட்டியதும் மின்சாரம் போய்விட்டது.

இதே பாதையில் வருபவர்களுக்கு ஒன்று மட்டும். ஜப்பானிலிருந்து பழைய பெட்டிகள் பாதி விலைக்குக் கிடைக்கும், ஆசை வரும். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம். ஆனால் யாராவது தெரியாமல் நேரடியாகச் சுவரில் செருகினால் கதை முடிந்தது. பணம் கொடுப்பதற்கு முன் பின்பக்கத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் 230 என்று அச்சிட்டிருக்க வேண்டும். விற்பவரின் வாய்வார்த்தை போதாது.