சாவடிக்கு வராவிட்டால் என்ன ஆகும்?

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, ஊர் கூடும் சாவடியில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. மழையில் மேல்காட்டுக்காரரின் மண்ணைத் தாங்கும் கல்கட்டு சரிந்து கீழ்காட்டுக்காரரின் பூண்டுப் பாத்தியில் விழுந்துவிட்டது. கல்லை யார் அள்ளுவது, கல்கட்டை யார் எழுப்புவது என்பதுதான் வழக்கு. இரண்டு பேரும் வெற்றிலையில் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் வைத்துப் பெரியவர் கையில் கொடுத்தார்கள். தீர்ப்புக்குக் கட்டுப்படுவதாக வைக்கும் கட்டுப்பணம். கூட்டம் மொத்தமும் எழுந்து இடத்தைப் பார்க்கப் போனது. ஒருவர் கட்டின் அடிக்கல்லைக் கையால் அசைத்துப் பார்த்து, "இது இந்த வருசத்து மழையில போனதில்ல, ரெண்டு வருசமாவே வாய் பொளந்துக்கிட்டு இருந்திருக்கு" என்றார். மேல்காட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கொத்தனார் கூலி அவர் பொறுப்பு, கல் அள்ளுகிற ஆள் கூலி கீழ்காட்டுக்காரர் பொறுப்பு என்று முடிந்தது. ஒன்றரை மணி நேரம்.

நான் கொடைக்கானல் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் 22 வருஷமாகக் குமாஸ்தா. இதே கல்கட்டு எங்களிடம் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நோட்டீஸ், பிராது, பதிலுரை, அப்புறம் இடத்தைப் பார்த்து அறிக்கை தர அட்வகேட் கமிஷனர். அவர் மலையேறி வருவதற்குள் இரண்டு போகம் பூண்டு எடுத்து அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அதனால் ஊர்ப் பஞ்சாயத்து என்றாலே அராஜகம் என்று டவுனில் யாராவது பேசினால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

ஆனால் அதே சாவடியில்தான் 1991-இல் என் அத்தையின் நிலமும் போனது.

தாத்தா சொந்தமாகக் கிரயம் வாங்கிய ஒன்றரை ஏக்கர். உயில் எழுதவில்லை. பாட்டி முன்னமே போய்விட்டார். பிள்ளைகள் அப்பாவும் அத்தையும் மட்டும். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆளுக்குப் பாதி. அத்தை பங்கு கேட்டதற்கு, கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு நிலம் கிடையாது, வருஷம் ஒரு மூட்டை பூண்டும் கோயில் திருவிழாவுக்குச் சீரும் போதும் என்று ஊர் சொன்னது. அத்தை சாவடிக்குள் ஏறவில்லை. பெண்கள் ஏறும் வழக்கம் அப்போது இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அவருக்காகப் பேசவேண்டியது யார்? கூடப் பிறந்த அண்ணன். அதாவது எதிர்க்கட்சியே! முத்திரைத்தாளில் எழுதிய முச்சலிக்கையை, அதாவது ஒப்புதல் பத்திரத்தை, வெளியே கொண்டுவந்து கைநாட்டு வாங்கினார்கள். "பேசுனது தப்பு" என்று சபைக்கு விழுந்து கும்பிடவும் சொன்னார்கள். எனக்கு அப்போது பதினோரு வயது. அத்தை விழுந்தபோது சேலையில் ஒட்டிய மண்ணை எழுந்தபிறகும் தட்டிவிடவில்லை. அதுதான் ஞாபகம் இருக்கிறது.

ஆக, இந்தச் சாவடிப் பஞ்சாயத்தை மூடுவதா வைத்திருப்பதா? 2011-இல் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான் உச்ச நீதிமன்றம் கட்டப் பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம், ஒழிக்க வேண்டும் என்றது. சாதி மாறிக் கல்யாணம் செய்கிறவர்களை மிரட்டும் கூட்டங்களைப் பற்றிய பேச்சு அது. 2018-இல் இன்னொரு தீர்ப்பில், வயது வந்த இருவர் கல்யாணத்தில் எந்தச் சபைக்கும் வேலை இல்லை என்று இன்னும் அழுத்திச் சொன்னது. அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஆனால் கல்கட்டுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே மருந்து எப்படிச் சரியாகும்?

எனக்கு வழி காட்டியது 2014-ஆம் வருஷத்துத் தீர்ப்பு. தாருல் கஸா என்கிற முஸ்லிம்களின் ஷரியத் மன்றங்களைத் தடை செய்யச் சொல்லிப் போட்ட வழக்கு. நீதிமன்றம் தடை செய்யவில்லை. அங்கே சொல்வதற்குச் சட்டபலம் இல்லை. விரும்பினால் கேட்கலாம், விரும்பாவிட்டால் விடலாம். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நிறுத்திக்கொண்டது. மத்தியஸ்தத்துக்கும் கட்டப் பஞ்சாயத்துக்கும் நடுவில் இருக்கிற கோடு இதுதான் என்று நினைக்கிறேன். தீர்ப்பு நல்லதா கெட்டதா என்பதைவிட, வரமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

தென்னாப்பிரிக்காவிலும் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய அரசியலமைப்பே மரபுத் தலைவர்களையும் வழக்காற்றுச் சட்டத்தையும் ஏற்கிறது. ஆனால் 2008-இலும் 2012-இலும் வந்த மரபு நீதிமன்ற மசோதாக்களைக் கிராமத்துப் பெண்கள் எதிர்த்தார்கள். வேண்டாம் என்று விலகிப்போக வழி இல்லை, வக்கீலும் வரக்கூடாது என்பது அவர்களின் முக்கியமான குறை. எங்கள் அத்தை வேப்பமரத்தடியில் நின்றதும் அதே மாதிரிதானே.

இங்கே, பழங்குடிப் பகுதிகளுக்கான 1996-ஆம் வருஷத்துப் பெசா சட்டம், வழக்காற்று முறையில் தகராறு தீர்ப்பதைக் காக்கும் உரிமையைக் கிராம சபைக்குத் தருகிறது. அது அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதியும் இல்லை. 2023-ஆம் வருஷத்து மத்தியஸ்தச் சட்டத்தில் சமூக மத்தியஸ்தம் என்று ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார்கள். இரண்டு தரப்பும் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும், மூன்று பேர் குழு, குழுவில் பெண்களுக்கும் இடம் தருவதைப் பரிசீலிக்கலாம். உடன்பாடு எழுத்தில் இருந்தாலும் கோர்ட் தீர்ப்பாணை போல அமல்படுத்த முடியாது. பல்லில்லாத சட்டம் என்று எங்கள் வக்கீல் சிரித்தார். எனக்கு அந்தப் பல் இல்லாததுதான் பிடித்திருக்கிறது. கல்கட்டு வழக்குக்குப் பல் தேவைப்படவில்லையே!

 

சட்டத்தால் எட்ட முடியாத ஓர் இடமும் இருக்கிறது. கல்கட்டுப் பஞ்சாயத்து முடிந்த அன்று சாயங்காலம் அத்தை வீட்டுக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். உன் முச்சலிக்கை பதிவு செய்யாதது, கோர்ட்டில் செல்லாது, அன்றைக்கே வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம் என்றேன். பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார்.

"சொல்லியிருக்கலாம்ப்பா. அதே வருசம் உங்க மாமா செத்தாரே, தூக்குறதுக்கு நாலு பேரு வந்திருப்பாகளா?"

மகாராஷ்டிரத்தில் ஊர்விலக்கு செய்தால் மூன்று வருஷம் வரை சிறை என்று 2016-இல் சட்டம் இயற்றினார்கள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். தூக்க வராதவனை எந்தப் பிரிவில் பிடிப்பது என்று அவரே கேட்டுவிடுவார் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

கிளம்பும்போது, "உங்கப்பன் போனப்புறம் ரெண்டு வருசமா மூட்டையும் வரல" என்றார். குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். பட்டா இன்னும் தாத்தா பேரில்தான் இருக்கிறது. அந்த நிலத்தில் இப்போது பூண்டு போடுவது நானும் என் தம்பியும். தம்பியிடம் இன்னும் பேசவில்லை.