அம்மாவின் சுண்டும் என் இரைப்பையும்

மார்ச் 9, 2025

எடை குறைக்கச் செய்த ஸ்லீவ் ஒப்பரேஷன் முடிந்து இன்றோடு ஆறு நாள். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்தாயிற்று. மிச்சம் இருப்பது வாழைப்பழம் போல ஒரு குழாய். 30 மில்லி மருந்துக் கப்தான் இப்போது என் சாப்பாட்டுப் பாத்திரம். வடித்த சூப், கொத்தமல்லித் தண்ணீர், மோர். ஒரு கப் முடிக்கக் கால் மணித்தியாலம் ஆகிறது. அவசரப்பட்டால் நெஞ்சில் அடைக்கிறது.

பசி என்று ஒன்று இல்லவே இல்லை. பசியைக் கிளப்புகிற கிரெலின் என்ற ஹோர்மோன் பெரும்பாலும் வெட்டிய பகுதியில்தான் சுரக்குமாம். ஆனாலும் கீழ் வீட்டில் யாரோ கருவாடு பொரித்தபோது வாய் ஊறியது. வாய்க்கு யாரும் ஒப்பரேஷன் செய்யவில்லைத்தானே.

குசினியில் அம்மா அரிசி அளக்கிற சத்தம். இரண்டு சுண்டு, எப்போதும்போல. அம்மா, தம்பி, நான் என்று மூன்று பேருக்கு. அதில் பாதி என் வயிற்றுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

மார்ச் 25

மசியல் கட்டம். ஒரு நேரத்துக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி. நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்று சாப்பாட்டு அட்டவணை தந்த மிஸ் சொல்லியிருக்கிறார். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் காப்பாற்றுவது டின்மீன். முள்ளோடு மசித்து, தேசிக்காய் பிழிந்தால் போதும். பருப்பு, யோகட், அவித்த மீன் மாறி மாறி வருகின்றன.

பெரிய சண்டை சொதியால் வந்தது. சாப்பாட்டோடு தண்ணீரோ வேறு எதுவுமோ குடிக்கக் கூடாது, அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டும். அதனால் சொதி வேண்டாம் என்றேன்.

"சொதி இல்லாமல் எப்பிடிப் பிள்ளை தொண்டையாலை இறங்கும்? நான் வைச்சது சரியில்லையோ?"

அதற்குப் பிறகு அம்மா இரவு முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

ஏப்ரல் 14

புதுவருடம். கொட்டாஞ்சேனை மாமி வீட்டில் மத்தியானம். ஆறு வாரம் ஆகிவிட்டது, மென்மையான சாப்பாடு தொடங்கலாம் என்ற துணிச்சலில் பிட்டு எடுத்தேன். ஒரு துளிதான். முதல் இரண்டு வாயையும் இருபது தடவை மென்றேன். மூன்றாவது வாயில் மாமி கல்யாணப் பேச்சு ஒன்றை எடுத்துவிட்டார். பதில் சொல்லிக்கொண்டே விழுங்கிவிட்டேன்.

இரண்டு நிமிடத்தில் நெஞ்சுக்கு நடுவில் கல் வைத்த மாதிரி. உமிழ்நீர் நுரை நுரையாகப் பொங்கி வருகிறது, விழுங்க இடமில்லை. குசினித் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். மாமி தண்ணீர்க் கிளாஸை நீட்டினார். கையால் தள்ளினேன், தண்ணீர் விட்டால் பிட்டு ஊதி இன்னும் மோசமாகும். கடைசியில் வந்தது சின்ன உருண்டை, முக்கால்வாசி அப்படியே இருந்தது.

"பாத்தியளோ, சும்மா இருந்த பிள்ளையை வெட்டிக் கெடுத்துப்போட்டாங்கள்" என்றார் மாமி. பிழை முழுக்க என்னுடையது. அதைச் சொல்ல மூச்சு இருக்கவில்லை. வரும்போது ஒரு பார்சல் கட்டித் தந்தார். பிட்டு.

மே 12

வெசாக். 116 கிலோவில் தொடங்கியவள் இன்று காலை 98. தம்பியோடு காலி வீதியில் வெளிச்சக்கூடு பார்க்கப் போனேன். இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிற தன்சலில் ஐஸ்கிரீம் கையில் திணித்தார்கள். ஒரு கரண்டி என்று தொடங்கி, கப் வெறுமையான பிறகுதான் நினைவு வந்தது. வழுக்கிக்கொண்டு போய்விட்டது. நெஞ்சு அடைக்கவில்லை, ஒரு ஏப்பம்கூட இல்லை.

பிட்டைவிட இதுதான் எனக்குப் பயம். கட்டியான சாப்பாட்டை இந்தக் குழாய் தடுக்கும். ஐஸ்கிரீமையும் மைலோவையும் தடுக்காது. குறைந்த எடை திரும்ப ஏறுவது இந்த வழியாலும்தான்.

ஜூன் 8

சீப்பு நிறைய முடி. மூன்று மாதத்தில் இப்படிக் கொட்டும், பிறகு வளரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு போட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் பிழை. தேத்தண்ணி இரும்பைச் சேரவிடாது. இனித் தேசிக்காய்த் தண்ணீரோடு. கல்சியம் இரண்டு மணித்தியாலம் கழித்து.

காலையில் அம்மா அரிசிப் பானையைத் திறந்தார். ஒரு சுண்டு கொட்டினார். அடுத்ததைப் பாதிக்கு நிரப்பி, விரலால் மட்டம் தட்டினார். இத்தனை வருடத்தில் நான் பார்த்த முதல் ஒன்றரைச் சுண்டு. நான் பார்ப்பதைக் கண்டுவிட்டார். மூடியைப் போடப் போனவர், திரும்ப ஒரு பிடி அள்ளிப் போட்டார்.

"ஆரும் வந்தால்?"