கூப்பிடாத லீட் ஏன் பட்டியலில் வரவில்லை?

சேல்ஸ்ஃபோர்ஸ், ஸோஹோ போன்ற சிஆர்எம்மில் (வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் மென்பொருள்) 7 நாளாக யாரும் பேசாத லீட்களை, அதாவது விசாரித்து வந்து இன்னும் வாங்காதவர்களை, பார்க்க வேண்டும். வியூவில் (நிபந்தனை போட்டுச் சேமித்து வைக்கும் பட்டியலில்) "கடைசிச் செயல்பாடு 7 நாளுக்கு முன்" என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டுச் சேமித்தால் பட்டியல் வந்துவிடும். பார்க்கவும் ஒழுங்காக இருக்கும். ஆனால் ஒரு கூட்டமே அதில் இருக்காது. லீட் வந்த நாளிலிருந்து ஒருமுறைகூடக் கூப்பிடப்படாதவர்கள்தான் அவர்கள். யாருக்காக அந்த வியூவைப் போட்டோமோ, அவர்களே வெளியே நிற்பார்கள்.

காரணம் எளிது. பேசவே இல்லை என்றால் அந்தத் தேதி ஃபீல்டு (விவரம் நிரப்பும் கட்டம்) காலி. காலி என்பது எந்தத் தேதிக்கும் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதனால் "அதற்கு முன்" என்ற கேள்விக்குள் அது அடங்காது.

சேல்ஸ்ஃபோர்ஸில் இதைச் சரியாகப் போட நான்கு நிபந்தனைகள் வேண்டும். முதலாவது, லீட் உரிமையாளர் யார் என்பது. இரண்டாவது, லீட் நிலை, அதாவது முடித்துவிட்டவை சேராமல் இருக்க. மூன்றாவது, கடைசிச் செயல்பாடு "லாஸ்ட் 7 டேஸ்" என்பதைவிடக் குறைவு (இந்தச் சொற்களை மதிப்புப் பெட்டியில் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும்). நான்காவது, கடைசிச் செயல்பாடு "ஈக்வல்ஸ்", மதிப்புப் பெட்டி காலி. பிறகு ஃபில்டர் லாஜிக்கைத் திறந்து, 1 அண்ட் 2 அண்ட் (3 ஆர் 4) என்று எழுதுங்கள். அண்ட் என்றால் இரண்டும் பொருந்த வேண்டும், ஆர் என்றால் ஏதாவது ஒன்று போதும். நேற்று மாலை வந்த லீட்டும் இதில் ஏறி நிற்கும். அது வேண்டாம் என்றால் உருவான தேதிக்கு ஐந்தாவது நிபந்தனை ஒன்று சேருங்கள். ஸோஹோ சிஆர்எம்மில் இடப்பக்க ஃபில்டரிலேயே "அன்டச்டு ரெக்கார்ட்ஸ்" என்று ஒரு தேர்வு இருக்கிறது. உருவான பிறகு யாரும் கை வைக்காதவற்றை அது எடுத்துத் தரும். பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

அந்த அடைப்புக்குறியை அலட்சியமாக விட முடியாது. அண்ட், ஆர் இரண்டையும் கலந்து அடைப்பில்லாமல் எழுதினால் சேல்ஸ்ஃபோர்ஸ் சேமிக்க விடாது, பிழை காட்டும். அது நல்லதுதான். எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) அப்படித் தடுக்காது; அண்டை முதலில் சேர்த்துவிட்டு ஆரைப் பிறகு பார்க்கும். "டீல் திறந்திருக்கிறது அண்ட் ஊர் மதுரை ஆர் ஊர் திண்டுக்கல்" என்று எழுதினால், மதுரையில் திறந்த டீல்களோடு திண்டுக்கல்லில் என்றோ மூடிப்போன டீல்களும் சேர்ந்து வரும். ஊர்கள் இரண்டையும் ஒரே அடைப்புக்குள் வைத்தால் தீர்ந்தது. ஸோஹோவில் நிபந்தனைகளுக்குக் கீழே இருக்கும் பேட்டர்னை (நிபந்தனை எண்களை அண்ட், ஆர் கொண்டு இணைக்கும் வரியை) திருத்தி இதே வேலையைச் செய்யலாம்.

காலி ஃபீல்டின் தொல்லை தேதியோடு முடிவதில்லை. "தொழில் வகை, மருத்துவம் அல்ல" என்று போடுகிறீர்கள். தொழில் வகையே நிரப்பாத ரெக்கார்டு வருமா, வராதா? சேல்ஸ்ஃபோர்ஸில் வரும். சாதாரண எஸ்க்யூஎல்லில் வராது. காலியை எதோடு ஒப்பிட்டாலும் அங்கே விடை "தெரியாது" என்பதுதான், தெரியாததை அது தள்ளிவிடும். ஆகவே சிஆர்எம்மில் ஒரு எண்ணிக்கையும், டேட்டாபேஸிலிருந்து எடுத்த டாஷ்போர்டில் வேறொரு எண்ணிக்கையும் வந்தால் யார் தலையையும் உருட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். சோதிக்க ஒரு வழி: "மருத்துவம்", "மருத்துவம் அல்ல", "காலி" என மூன்று வியூ போட்டு எண்ணிக்கைகளைக் கூட்டுங்கள். மொத்தத்தைவிட அதிகம் வந்தால் காலி இரண்டு முறை எண்ணப்படுகிறது. மொத்தம் சரியாக வந்தால் "அல்ல" என்பதில் காலி சேரவில்லை.

எண்ணிக்கை எடுக்கும்போது சேல்ஸ்ஃபோர்ஸ் லைட்னிங் (அதன் புதிய திரை) பட்டியலின் மேலே இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். முதலில் 50+ என்று காட்டும், கீழே உருட்ட உருட்ட ஏறும், 2,000 ரெக்கார்டுகளோடு நின்றுவிடும். மொத்தம் வேண்டுமென்றால் அதே நிபந்தனைகளோடு ரிப்போர்ட் ஓட்டுவதே வழி. "ரீசன்ட்லி வியூடு" (அண்மையில் நீங்கள் திறந்து பார்த்தவை) பட்டியலுக்கு ஃபில்டர் போடவே முடியாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் நாள் அதைத் திறந்துவிட்டு "என் லீட் எல்லாம் காணோம்" என்பது வழக்கமான கதை.

தேதியில் இன்னும் சில கண்ணிகள் உண்டு. "கடந்த வாரம்" வேறு, "கடந்த 7 நாள்" வேறு. வாரம் ஞாயிறில் தொடங்குமா திங்களில் தொடங்குமா என்பதை சேல்ஸ்ஃபோர்ஸில் அவரவர் லொகேல் (நாடு, மொழி) அமைப்புதான் சொல்கிறது. ஒரே வியூவைத் திறந்த இருவருக்கு வேறு வேறு பட்டியல் வருவதற்கு இது போதும். "இந்தக் காலாண்டு", "இந்த நிதியாண்டு" என்று போடுமுன் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதாக அமைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஜனவரி என்றே விட்டிருந்தால் காலாண்டின் எல்லைகள் அதே மாதங்களில் விழும், ஆனால் மார்ச் மாதத்தில் "இந்த நிதியாண்டு" என்று கேட்டால் மூன்று மாதக் கணக்குதான் கிடைக்கும். நேர மண்டலமும் அப்படியே. உள்ளே நேரம் யூடிசியில்தான் (உலகப் பொது நேரத்தில்) இருக்கும். ஏபிஐ (மென்பொருள்கள் தமக்குள் தரவு பரிமாறும் வழி) வழியாக எடுத்து மாற்றாமல் விட்டால், இந்திய நேரம் காலை 5:30-க்கு முன் வந்த லீட் முந்தைய நாளின் கணக்கில் விழும். இரவில் வெப்ஃபார்ம் வழியாக வருபவை அதிகம் என்றால் நாள்வாரிக் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பிக்கொண்டே இருக்கும்.

இனி வரிசைப்படுத்துவது. தொகை ஃபீல்டு டெக்ஸ்ட்டாக உருவாக்கப்பட்டிருந்தால் 100, 20, 3 என்று வரிசை வரும், முதல் இலக்கத்தைத்தான் அது பார்க்கிறது. இதற்கு ஃபீல்டு வகையை மாற்றுவதே நேரான மருந்து. சேல்ஸ்ஃபோர்ஸில் டீல் நிலை போன்ற பிக்லிஸ்ட் (கொடுத்த மதிப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஃபீல்டு), அட்மின் அமைப்பில் வைத்த வரிசைப்படி நிற்கும், அகர வரிசைப்படி அல்ல. அதுதான் வேண்டியதும். ஆனால் எக்செலுக்கு எடுத்து அங்கே வரிசைப்படுத்தினால் அகர வரிசைக்குப் போய்விடும். ஏறு வரிசையில் காலி மதிப்புகள் சேல்ஸ்ஃபோர்ஸில் மேலே வரும், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் கீழே போகும். மேலே சொன்ன ஃபாலோ-அப் வியூவில் கடைசிச் செயல்பாட்டை ஏறு வரிசையில் வைத்தால், ஒருமுறைகூடக் கூப்பிடாதவர்கள் உச்சியிலேயே வந்து நிற்பார்கள்.

பெயர்களைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்குத் தனிப் பாடு. யூனிகோடு எண் (கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் எண்) வரிசையும் நம் நெடுங்கணக்கும் ஒன்றல்ல. எண்ணில் ன, ந-வை அடுத்து உட்கார்ந்திருக்கிறது. நெடுங்கணக்கில் அது கடைசி. வெறும் எண்ணை வைத்து வரிசைப்படுத்தும் கருவியில் மணி, மதன், மனோகர், மலர் என்று வரும். முறைப்படி மணி, மதன், மலர், மனோகர். புள்ளியும் இப்படித்தான். புள்ளிக்கான எண், உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பிறகு வருவதால் அகல்யா, அகிலா, அக்பர் என்று நிற்கும். க் முதலில், க பிறகு என்பதுதான் நம் முறை, அதன்படி அக்பர்தான் முதல். தமிழ்க் கொலேஷன் (மொழிக்கேற்ற வரிசை விதி) இருந்தால் இதெல்லாம் சரியாகிவிடும், சிஆர்எம் திரையில் அதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அநேகமாக இருக்காது. வரிசைப்படுத்துவதற்கென்றே பெயரை ஆங்கில எழுத்தில் வைத்த ஒரு கூடுதல் ஃபீல்டு போடுவது அழகான வழி இல்லை, ஆனால் வேலை நடக்கும்.

தேடலிலும் இது உதைக்கும். "கோ" என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் குறியும் துணைக்காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய தரவில் இரண்டாம் வகை கலந்திருக்கலாம், அப்போது "கோபால்" என்று தேடினால் பாதிப் பேர்தான் வருவார்கள். எக்செலில் லென் ஃபங்ஷன் போட்டுப் பாருங்கள்: சரியான கோபால் 6, பிளந்த கோபால் 7. இம்போர்ட்டுக்கு முன்பே என்எஃப்சி (பிளந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு முறை) வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

ஊர்ப் பெயரை டெக்ஸ்ட் ஃபீல்டாக விட்டால் திருச்சி, ட்ரிச்சி, திருச்சிராப்பள்ளி மூன்றும் இருக்கும், நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் இதே கதை. சேல்ஸ்ஃபோர்ஸில் "கன்டெய்ன்ஸ்" போட்டு மதிப்புகளைக் கமாவால் பிரித்தால் ஏதாவது ஒன்று இருந்தாலும் எடுத்துக்கொள்ளும். தற்காலிகமாக அது போதும். நிரந்தரமாக என்றால் மாவட்டம் என்று ஒரு பிக்லிஸ்ட்.

செல்போன் எண்ணுக்குத் தொடக்கத்தை வைத்து ஃபில்டர் போடாதீர்கள். ஒருவர் 91 சேர்த்திருப்பார், ஒருவர் 0, ஒருவர் நடுவில் இடைவெளி. கடைசி 4 இலக்கம் ஓரளவு கை கொடுக்கும். 91 சேர்த்த 12 இலக்க எண்ணை எக்செல் ஜெனரல் வடிவத்தில் 9.19E+11 போன்ற அடுக்கு எண்ணாகக் காட்டும். அந்த நிலையிலேயே சிஎஸ்வியாக (கமாவால் பிரித்த எழுத்துக் கோப்பாக) சேமித்தால் பின்னால் உள்ள இலக்கங்கள் போனது போனதுதான், எந்த ஃபில்டராலும் மீட்க முடியாது. அந்த நெடுவரிசையை முதலில் டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு அதன் பிறகு எண்களை ஒட்டுங்கள்.

ஃபில்டர் போட்ட பட்டியலில் மொத்தமாக உரிமையாளரை மாற்றும்போதும், அழிக்கும்போதும், தலைப்பு வரியில் டிக் போட்டால் திரையில் ஏறியிருப்பவை மட்டுமே தேர்வாகும். "இத்தனை தேர்ந்தெடுக்கப்பட்டன" என்ற எண்ணை ரிப்போர்ட்டில் வந்த எண்ணோடு ஒத்துப் பார்த்துவிட்டு பட்டனை அழுத்துங்கள். மற்றவர்களோடு பகிர்ந்த வியூவில் ஒரு நிபந்தனையைத் திருத்திச் சேமித்தால் எல்லோருக்கும் மாறும். உங்களுக்கு மட்டும் வேண்டுமென்றால் குளோன் (நகல்) எடுத்து, பெயரிலேயே உங்கள் இனிஷியலைச் சேர்த்துவிடுங்கள்.