வால்காட்டும் ராம்சியும் இல்லாத ஆர்சனல்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் ஆடும் ஆர்சனல் கால்பந்து அணியின் 2013-14 சீசன் பற்றிப் பேச்சு எடுத்தாலே, "மெர்டசாக்கரால ஓட முடியல, அதான் செல்சிகிட்ட ஆறு கோல் வாங்கினாங்க" என்று முடித்துவிடுகிறார்கள். பாதிதான் சரி. அந்த சீசனில் மற்ற எந்த அணியையும்விட அதிக நாள், மொத்தம் 128 நாள், ஆர்சனல்தான் லீக்கில் முதலிடத்தில் இருந்தது. அப்போதும் சென்டர்பேக்காக (கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் டிஃபெண்டர்) பின்னால் நின்றவர் இதே மெர்டசாக்கர்தான். பின்வரிசை அப்படியே இருந்தது. காணாமல் போனது முன்னால் ஓடுகிற ஆட்கள்: ஓரத்தில் ஓடும் விங்கர் வால்காட், நடுவரிசை மிட்ஃபீல்டர் ராம்சி.

தேதிகளைப் பாருங்கள். 2013 டிசம்பர் 26, வெஸ்ட் ஹாம் ஆட்டத்தில் ராம்சிக்குத் தொடையில் காயம். 2014 ஜனவரி 4, டாட்டன்ஹாமோடு எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் வால்காட்டுக்கு முழங்கால் லிகமென்ட் போயிற்று. (ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே டாட்டன்ஹாம் ரசிகர்களுக்கு விரலால் 2-0 காட்டிவிட்டுப் போனார். அந்தக் காயத்தில் பிரேசில் உலகக் கோப்பையும் போனது தனிச் சோகம்.) ராம்சி திரும்பியது ஏப்ரல் 6. இடையில் லிவர்பூலில் 5-1, செல்சியில் 6-0. ராம்சி மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அந்த ஏப்ரல் 6 எவர்டன் ஆட்டமும் 3-0 தோல்வி.

வேகம் என்றால் கவுன்ட்டர் அட்டாக்குக்கு (பந்தைப் பறித்த உடனே பாய்வதற்கு) மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. பந்தை வைத்து ஆடுகிற அணிக்குத்தான் அது இன்னும் அவசியம். தோராயக் கணக்கு ஒன்று போடுவோம். மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறவர் ஒரு விநாடியில் 9 மீட்டர் கடக்கிறார். பந்தைப் பார்த்து நிற்கிற சென்டர்பேக் உடம்பைத் திருப்பி ஓட ஆரம்பிக்க அரை விநாடி எடுத்தாலே, ஏற்கெனவே ஓட்டத்தில் இருக்கிற விங்கர் நாலு மீட்டர் முன்னால் போய்விடுவார். அந்த நாலு மீட்டரைப் பிறகு பிடிக்கவே முடியாது. அதனால் டிஃபெண்டர் என்ன செய்கிறார்? பாஸ் வருவதற்கு முன்பே ஐந்தாறு மீட்டர் பின்வாங்கி நிற்கிறார். அவர் பின்வாங்கினால் மொத்தப் பின்வரிசையும் பின்வாங்க வேண்டும், இல்லாவிட்டால் எதிராளியை ஆஃப்சைடில் மாட்டவைக்கும் கோடு கோணலாகும். ஆனால் அவர்களுக்கு முன்னால் நிற்கிற மிட்ஃபீல்டர்கள் பந்தை நெருக்குவதற்காக மேலேயே நிற்பார்கள். இரண்டு வரிசைக்கும் நடுவே ஏழெட்டு மீட்டராக இருந்த இடைவெளி பன்னிரண்டு, பதினைந்து ஆகிறது.

ஆர்சனலின் மிட்ஃபீல்டர் ஓசிலின் பிழைப்பே அந்த இடைவெளியில்தான். ரியல் மாட்ரிட்டில் அவர் தலையைத் தூக்கினால் முன்னால் ரொனால்டோ, டி மரியா, பென்சிமா என்று ஆளாளுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். 42.5 மில்லியன் பவுண்டு கொடுத்து அவரை வாங்கிய ஆர்சனலில், பிப்ரவரி வாக்கில் தலையைத் தூக்கினால் தெரிந்தது சென்டர் ஃபார்வர்ட் ஜிரூவின் முதுகு. ஒரு பக்கம் கசோர்லா, இன்னொரு பக்கம் பொடோல்ஸ்கியோ ரொசிக்கியோ. கசோர்லாவும் ரொசிக்கியும் பந்தைக் காலில் கேட்கிறவர்கள். பொடோல்ஸ்கிக்கு இடது கால் ஷாட் உண்டு, பின்வரிசைக்குப் பின்னால் ஓடுகிற வழக்கம் குறைவு. சேம்பர்லென் மட்டும்தான் விதிவிலக்கு. அவரும் நீண்ட காயத்திலிருந்து அப்போதுதான் மீண்டு வந்திருந்தார்.

ஜிரூவைத் திட்டுவதில் அர்த்தமில்லை. அந்த சீசனில் லீக்கில் 16 கோல் அடித்தார். முதுகில் டிஃபெண்டரைச் சாய்த்துக்கொண்டு, வருகிற பந்தை ஒரே தொடுதலில் பக்கத்தில் வைத்துத் தருவதில் அவரளவுக்குக் கெட்டிக்காரர்கள் குறைவு. ஆனால் அந்தப் பந்து யாருக்கு? அவரைத் தாண்டி ஓடுகிறவருக்கு. ஓடுகிறவர் இல்லையென்றால் அது பின்னாலிருக்கும் மிட்ஃபீல்டர் ஆர்டெட்டாவிடமே திரும்பி வரும்.

இங்கே நியாயமான எதிர்க்கேள்வி ஒன்று உண்டு. செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் கடைசிவரை வால்காட் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வெளியேதான் இருந்தார். அப்போது ஆர்சனல் நன்றாகத்தானே ஆடியது? அக்டோபர் 19, நார்விச் ஆட்டத்தில் கசோர்லா, வில்ஷியர், ஜிரூ மூவரும் ஒரே தொடுதல் பாஸ்களாலேயே டிஃபென்ஸைப் பிளந்து வில்ஷியர் அடித்த கோல் வந்ததும் அந்தக் காலத்தில்தான். பதில், ராம்சி. அவர் மின்னல் வேகக்காரர் இல்லை. ஆனால் மிட்ஃபீல்டிலிருந்து கிளம்பி ஜிரூவைத் தாண்டி பெனால்டி பாக்ஸுக்குள் போவார், அதுவும் ஒரு ஆட்டத்தில் பல முறை. அப்படி ஓடியே லீக்கில் 10 கோல். சென்டர்பேக்குக்குப் பயம் தருவது வேகத்தைவிட, தன் முதுகுக்குப் பின்னால் யாரோ ஓடுகிறார் என்ற நினைப்பு. வால்காட் இல்லாதபோது ராம்சி அதைத் தந்தார். இருவரும் ஒன்றாகப் போனதும் தருவதற்கு ஆளில்லை.

அப்புறம் நடந்தது சங்கிலித் தொடர். எதிரணிப் பின்வரிசை மேலேறி நிற்கிறது. நடுவில் இடமில்லாததால் ஓசில் ஓரத்துக்கு ஒதுங்குகிறார். பந்து சன்யாவிடமிருந்து மெர்டசாக்கர், கோசியெல்னி வழியாக கிப்ஸ் வரை போய், அதே வழியில் திரும்பி வருகிறது. அகலம் தர வேறு ஆளில்லாததால் ஓரத்து டிஃபெண்டர்களான இரண்டு ஃபுல்பேக்குகளும் (சன்யா, கிப்ஸ்) ஏறுகிறார்கள். அந்த நிலையில் ஒரு பாஸ் பறிபோனால் பின்னால் மிஞ்சுவது இரண்டு சென்டர்பேக்குகள், முன்னால் நாற்பது மீட்டர் வெட்டவெளி. மெர்டசாக்கரின் கால்கள் பிரச்சினையாவது அப்போதுதான்.

பிப்ரவரி 8, லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் முதல் 20 நிமிடத்தில் 4 கோல். முதல் இரண்டும் ஜெரார்டின் செட் பீஸில் (ஃப்ரீ கிக், கார்னர்) ஸ்கர்ட்டெல் அடித்தவை, அதற்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. ஸ்டெர்லிங்கும் ஸ்டரிட்ஜும் அடித்த அடுத்த இரண்டும், ஆர்சனல் பந்தைப் பறிகொடுத்த கையோடு வந்தவை. மார்ச் 22, ஆர்சனல் பயிற்சியாளராக வெங்கரின் ஆயிரமாவது ஆட்டம், செல்சியின் ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜ். ஏழு நிமிடத்தில் எட்டோவும் ஷூர்லேவும் ஆளுக்கொன்று. சேம்பர்லென் கையால் தடுத்ததற்கு நடுவர் கிப்ஸை வெளியே அனுப்பிய கூத்தைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்பே ஆட்டம் முடிந்துவிட்டிருந்தது. எவர்டனில் அதன் பயிற்சியாளர் மார்ட்டினெஸ், லுகாகுவை வலது ஓரத்தில் நிறுத்தி, நைஸ்மித்தை நடுவில் போட்டார். ஏறிப்போகிற மொன்ரியாலுக்குப் பின்னால் இருக்கும் காலியிடத்தில் லுகாகு ஓட வேண்டும் என்பதுதான் திட்டம். இரண்டாவது கோல் லுகாகு வலதிலிருந்து உள்ளே வெட்டி இடது காலால் அடித்தது.

உங்கள் அணிக்கும் இதே நோய் இருக்கிறதா என்று டிவியிலேயே கண்டுபிடிக்கலாம். உங்கள் மிட்ஃபீல்டர் பந்தை வாங்கி, யாரும் நெருக்காமல், முன்பக்கம் திரும்புகிற நொடியில் பந்தை விட்டுவிட்டு எதிரணியின் கடைசி நான்கு பேரைப் பாருங்கள். அவர்கள் பின்னால் நகர்ந்தால் பயப்படுகிறார்கள் என்று அர்த்தம். அசையாமல் நின்றாலோ, ஓரடி முன்னால் வந்தாலோ, உங்கள் முன்வரிசையை எடைபோட்டு முடித்துவிட்டார்கள். பந்து வைத்திருந்த சதவீதம் எதையும் சொல்லாது. 65 சதவீதம் வைத்திருந்து நடுக்கோட்டிலேயே உருட்டிக்கொண்டிருக்கலாம்.

வேகமான ஆள் இல்லையென்றால் வேறு வழி இல்லாமலும் இல்லை. ஜிரூ கீழே இறங்கி வரும் அதே கணத்தில் இன்னொருவர் மேலே கிளம்ப வேண்டும். பாஸ் வந்த பிறகு கிளம்பினால் தாமதம், பந்து காற்றில் இருக்கும்போதே கிளம்ப வேண்டும். தொடங்குகிற இடமும் முக்கியம்: டிஃபெண்டரின் கண்ணுக்கு எதிரே இருந்து ஓடாமல், சென்டர்பேக்குக்கும் ஃபுல்பேக்குக்கும் நடுவே, பின்பக்கமிருந்து. ஓடுகிறவருக்குப் பந்து வரவே வராது என்றாலும் ஓட வேண்டும், அதுதான் கஷ்டம். பத்து முறை வெறுமனே ஓடச் சொன்னால் பந்துக்காரர்கள் யாரும் விரும்பமாட்டார்கள். கசோர்லாவிடம் அதைக் கேட்பதும் முறையல்ல.

மே 17 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் ஹல் எட்டு நிமிடத்தில் இரண்டு கோல் போட்ட பிறகு ஆர்சனல் மீண்டது கசோர்லாவின் ஃப்ரீ கிக், கோசியெல்னியின் கோல், 109-ஆவது நிமிடத்தில் ராம்சி. அந்த மூன்றாவது கோல்தான் இந்தக் கட்டுரை முழுவதும் சொல்வது: ஜிரூ பாக்ஸுக்குள் முதுகைக் காட்டி நின்று குதிகாலால் தட்டிவிட, ஓடி வந்த ராம்சி நிறுத்தாமல் பாதத்தின் வெளிப்பக்கத்தால் உள்ளே தள்ளினார்.

ஆட்டக்காரர்களை வாங்கும் சந்தையில் ஆர்சனல் செய்தது வேறு கதை. ஜனவரியில் வந்தது கிம் ஷெல்ஸ்ட்ரோம், அதுவும் வேறு கிளப்பிலிருந்து தற்காலிக இரவலாக, முதுகு வலியோடு, அவரும் மிட்ஃபீல்டர். ஜூலையில் பார்சலோனாவிலிருந்து அலெக்சிஸ் சான்செஸ் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. ஆனால் சான்செஸும் பெரும்பாலும் பந்தைக் காலில் வாங்கி ஆளைத் தாண்டுகிறவர். பின்வரிசைக்குப் பின்னால் ஓடுகிற வேலைக்கு வெல்பெக்கோ வால்காட்டோ தேவைப்பட்டார்கள். 2015 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக வெங்கர் ஜிரூவை உட்கார வைத்து வால்காட்டை நடுவில் இறக்கினார். 40-ஆவது நிமிடத்தில் வால்காட் முதல் கோல். 50-ஆவது நிமிடத்தில் சான்செஸ், பாக்ஸுக்கு வெகு வெளியிலிருந்து, நெருக்க ஆளில்லாமல் ஷாட் அடித்து இரண்டாவது. அந்த ஷாட்டை மறுபடி பார்க்கும்போது பந்தைப் பார்க்காமல் வில்லாவின் பின்வரிசை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.